வரிசை இல்லாத புறநோயாளர் பிரிவு

கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே, இந்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகளும் வெளியாயின. அதுவரை தொலைபேசி வழி வைத்தியத்துக்குத் தெளிவான விதி இல்லாததால் பல மருத்துவர்கள் தயங்கினர். ஏப்ரலில் இ-சஞ்சீவனி புறநோயாளர் சேவை வந்தது. மொகாலியிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இதில் கட்டணம் கிடையாது. கைபேசி எண்ணைப் பதிந்து, ஓடிபி கொடுத்து, டோக்கன் பெற்றுக் காத்திருந்தால் மருத்துவர் காணொளியில் வருவார். மருந்துச்சீட்டும் கைபேசிக்கே வந்துவிடும். அந்த ஆண்டில் இதை மிக அதிகமாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

எல்லா மருந்தையும் இப்படி எழுதிவிட முடியாது. காய்ச்சல் மாத்திரை போன்றவற்றுக்குத் தடையில்லை. சிலவற்றை முதல்முறை எழுத, காணொளியில் நோயாளியைப் பார்த்தாக வேண்டும். போதை தரும் மருந்துகளுக்கு அனுமதியே இல்லை. இந்தக் கண்டிப்பு அவசியமானதுதான்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் என நெடுநாள் மருந்து உண்போருக்கே இம்முறை பெரிதும் உதவியது; கூட்டத்தில் நின்று தொற்றை வாங்கிவரும் அபாயம் தவிர்ந்தது. ஆனால் வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பதும் திரைவழியே நடக்காது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108 ஆம்புலன்ஸைத்தான் அழைக்க வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களுக்கோ, இச்சேவையைப் பெறவும் பேரப்பிள்ளைகளின் துணை தேவைப்பட்டது.