வானூர்தியின் பின்சுழல்

எண்ணூர்த் துறைமுகத்திற்கும் சென்னைத் துறைமுகத்திற்கும் இடைப்பட்ட கரையில் வாழும் நமக்கு, பெருங்கப்பல் ஒன்று கடந்து சென்றபின் சிறு படகு படும் பாட்டைச் சொல்லித் தர வேண்டுவதில்லை. காலடிப்பேட்டைச் சிறுவனும் அதனை அறிவான். கப்பலின் பின்னே எழும் நீர்க்கலக்கத்தை ஆங்கிலத்தில் 'வேக்' என்பர். வானூர்தியின் பின்னே காற்றில் எழும் கலக்கத்திற்கும் அச்சொல்லையே வைத்துள்ளனர். தமிழில் நாம் அதனைப் பின்சுழல் எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அலை கண்ணுக்குத் தெரியும், பின்சுழல் தெரியாது.

விமானப் பொறிகள் உமிழும் காற்றே இதற்குக் காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். அது சரியன்று. இறக்கையின் கீழ்ப்புறம் காற்றழுத்தம் மிகுதி, மேற்புறம் குறைவு. இவ்வேறுபாடே பல நூறு டன் எடையை வானில் தாங்கி நிற்கிறது. இறக்கையின் நுனியில் தடுப்பு இல்லாமையால் கீழ்க்காற்று மேல்நோக்கிச் சுருண்டு பாய்கிறது. இரு நுனிகளிலும் தோன்றும் இரு சுழல்கள், ஒன்றற்கொன்று எதிராகச் சுழன்றவாறு, விமானத்தின் பின்னே நீண்டு கிடக்கின்றன. தாங்கும் ஆற்றலும் சுழலும் உடன்பிறந்தவை. எனவே அதனை அறவே நீக்க வழியில்லை. எடை மிகுந்து வேகம் குறையுமாயின் சுழல் வலுப்பெறும். தரையிறங்க வரும் பெருவிமானத்தின் நிலை அதுவேயன்றோ?

இச்சுழல் நிமிடத்திற்குச் சில நூறு அடி வீதம் தாழ்ந்துகொண்டே செல்லும். பலத்த காற்று அதனைச் சிதைத்துவிடும். காற்றோய்ந்த விடியற்பொழுதில் சில நிமிடங்கள் வரை அது அழியாது நிற்பதுண்டு. பக்கவாட்டில் வீசும் இளங்காற்றோ, ஒரு சுழலை ஓடுபாதையின் மீதே நிறுத்திவைக்கவும் கூடும்.

2017 சனவரி 7 அன்று அரபிக்கடலின் மேல், மும்பைக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட வான்வெளியில் நிகழ்ந்ததைக் காண்போம். துபாயிலிருந்து சிட்னிக்குச் சென்ற ஏர்பஸ் ஏ-380 விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தது. மாலேயிலிருந்து வந்த சேலஞ்சர்-604 என்னும் சிறு விமானம் 1,000 அடி கீழே அதனை எதிர்கொண்டு கடந்தது. ஒரு நிமிடத்திற்குள் சிறு விமானம் பலமுறை புரண்டது. ஏறத்தாழ 9,000 அடி வீழ்ந்த பின்னரே விமானிகள் அதனை நிலைப்படுத்தி மஸ்கட்டில் இறக்கினர். பயணிகள் காயமுற்றனர், உயிர்கள் தப்பின. வீழ்வதற்கு அவ்வளவு உயரம் இருந்தமையால் அன்றோ தப்பின! ஓடுபாதையை நெருங்கிய விமானத்திற்குக் கீழே ஆயிரம் அடியும் இராது.

1993 திசம்பரில் அமெரிக்காவின் சான்டா அனாவில் அதுவே நேர்ந்தது. போயிங் 757 விமானத்தைத் தொடர்ந்து இறங்க வந்த சிறு ஜெட் விமானம் சுழலில் சிக்கிக் கவிழ்ந்தது, ஐவரும் மாண்டனர். 757 அன்றைய விதிப்படி 'கனத்த' வகையைச் சேர்ந்ததன்று. எடைக்கோட்டிற்குச் சற்றுக் கீழே இருந்தமையால் கூடுதல் இடைவெளி விதிக்கப்படவில்லை. காற்று அக்கோட்டை அறியுமோ? அடுத்த ஆண்டே அந்நாட்டினர் விதியை மாற்றினர்.

இன்று 136 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ளவை உலக வகைப்பாட்டில் 'கனத்த' விமானங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும் வளைகுடா விமானங்களிலும் ஹஜ் விமானங்களிலும் அத்தகையன உண்டு. அவற்றின் பின்னே தூத்துக்குடியிலிருந்து ஒரு சிறிய ஏ.டி.ஆர். விமானம் வருமாயின், பொதுவிதிப்படி 5 கடல்மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த இடைவெளி வேண்டும். காலடிப்பேட்டையிலிருந்து சென்ட்ரல் நிலையம் செல்லும் தொலைவுக்கு அது ஏறக்குறைய ஒப்பானது. ஏ-380க்குப் பின்னெனில் 7 கடல்மைல். விமானியும் முன்சென்றதன் பாதைக்குக் கீழே இறங்காது, அது தரைதொட்ட இடத்தைக் கடந்தே தரைதொட முயல்வார்.

தரையை நெருங்கிய விமானம் சிலவேளை இறங்காமல் மீண்டும் மேலெழும். உள்ளிருப்போர் கலங்குவர், மகனை எதிர்நோக்கி வாயிலில் நிற்கும் பெற்றோர் தாமதத்தை நொந்துகொள்வர். முன்சென்ற விமானத்திற்கும் அதற்கும் இடையே தொலைவு குறைந்துவிட்டது என்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்று.