நாற்றத்துக்கு அறை கொடுக்கும் கொட்டாங்குச்சி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வாசகர்களிடமிருந்து தவறாமல் வருகிற கேள்வி இது: “வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவி, வெள்ளையும் அடித்தாயிற்று. ஆனால் மர பீரோவைத் திறந்தால் பூஞ்சை நாற்றம் குப்பென்று அடிக்கிறது. ஓசோன் மெஷின் வாங்கலாமா?”

வேண்டாம்.

உடலுக்குக் கேடு செய்யாத அளவில் ஓசோன் நாற்றத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுங்காலமாக எச்சரித்துவருகிறது. அளவைக் கூட்டினால் நுரையீரல் பாதிக்கப்படும், ரப்பர் வெடிக்கும். எலுமிச்சை மணமுள்ள தரை துடைக்கும் திரவங்களின் ஆவியோடு ஓசோன் கலந்தால் பார்மால்டிஹைடு உருவாகும். சாம்பிராணியும் பாச்சை உருண்டையும் நாற்றத்தை நீக்குவதில்லை, அமுக்கிவைக்கின்றன.

ஈர மரத்தில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் விடும் ஆவிகள்தான் இந்த நாற்றம். அவற்றில் ஒன்றான ஜியோஸ்மின், ஒரு லிட்டர் தண்ணீரில் சில நானோகிராம் இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். பூஞ்சையைத் துடைத்தெடுத்த பிறகும், பலகைக்குள் ஊறிய ஆவி மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருக்கும்.

அதைப் பிடிக்க வல்லது ஆக்டிவேட்டட் கார்பன். கொட்டாங்குச்சியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, சுமார் 900 டிகிரி செல்சியஸில் நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியை உள்ளுக்குள் அரித்து, 2 நானோமீட்டருக்கும் குறுகலான கோடிக்கணக்கான துளைகளைத் திறந்துவிடும். ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது ஏறத்தாழ நாலரை கிரவுண்டு மனை!

முகூர்த்த நாளில் ஊருக்குள் இருக்கிற லாட்ஜ் மாதிரிதான் இந்தக் கரி. நாற்ற மூலக்கூறு என்கிற விருந்தாளிக்கு விசாலமான கூடத்தைவிட, உடம்பை ஒட்டினாற்போன்ற சின்ன அறையே பிடிக்கும். அங்கேதான் எல்லாச் சுவர்களும் ஒரே நேரத்தில் அவரை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுவிசையின் பெயர் வான் டெர் வால்ஸ் விசை. மழைக்காலத்தில் நீராவி என்ற கூட்டம் முன்பே வந்து பாதி அறைகளைப் பிடித்துக்கொள்ளும். அம்மோனியா தங்காமலே கிளம்பிவிடும். அதை நிறுத்த அமிலம் தோய்த்த தனி அறை வேண்டும். அறைகள் நிறைந்துவிட்டால் புதியவருக்கு இடமில்லை. சூடு ஏறினாலோ, தங்கியவர்களில் பலர் வெளியேறிவிடுவார்கள்.

கரி வாயுவைப் பிடிப்பதை 1773-லேயே வேதியியலாளர் ஷீலே கண்டார். முதல் உலகப் போரில் நச்சுவாயுவைத் தடுக்க, 1915-ல் ரஷ்ய வேதியியலாளர் ஸெலின்ஸ்கி கரி முகமூடி வடிவமைத்தார். அமெரிக்காவும் முகமூடிக் கரிக்குக் கொட்டாங்குச்சியைத் தேடியது.

அடுப்புக் கரியில் இந்த நுண்துளைகள் மிகக் குறைவு. ஹாலின் மூலையில் வைக்கும் சின்னப் பையாலும் பயனில்லை, ஏனென்றால் நாற்றம் கரியைத் தொட்டால்தான் பிடிபடும். அதற்கு மூடிய பீரோ வேண்டும், அல்லது காற்றைக் கரிக்குள் தள்ளும் மின்விசிறி வேண்டும்.

ஆகவே முதலில் பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பலகையை நன்றாக உலர்த்துங்கள். உப்பிப் பிரிந்த பிளைவுட்டைக் கழற்றி எறியுங்கள். அதன் பிறகு ஆக்டிவேட்டட் கார்பனைத் துணிப்பையில் கட்டி உள்ளே வைத்து, கதவை மூடுங்கள். நாற்றம் திரும்பினால் கரியை மாற்றுங்கள். மாற்றியும் போகவில்லையென்றால் சுவரில் எங்கோ ஈரம் இருக்கிறது; கூப்பிட வேண்டியது கொத்தனாரை.