மறைக்கப்பட்ட கொள்ளுத் தாத்தா!

'எங்களோடது அந்தக் காலத்துலேயே பெரிய பரம்பரை சார்!' என்று ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் ஆரம்பித்தால் என்ன செய்வோம்? மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு டீயை உறிஞ்சுவோம். இங்கிலாந்தில் 1466-ம் வருஷம் ஒரு குடும்பம் இதே வசனத்தைப் பேசியது. தலையை ஆட்டியவர்... சாட்சாத் ராஜா நான்காம் எட்வர்ட்!

குடும்பத்தின் பெயர் பாஸ்டன். அமெரிக்காவில் இருக்கிற பாஸ்டன் இல்லை. இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் கடலோரத்தில் இருக்கிற குட்டி கிராமம் இது. ஊர்ப் பெயரே குடும்பப் பெயர். '1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த காலத்திலிருந்தே நாங்கள் கௌரவமான வம்சம்' என்று பழைய பத்திரங்களை எடுத்துக் காட்டினார்கள். ராஜாவும் 'சரிதான்' என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

வெறும் வீண் பெருமைக்கா இவ்வளவு பாடு? இல்லை. 'இவர்கள் பண்ணை அடிமை வம்சம்' என்று எதிரிகள் கிளப்பிவிட்டிருந்தார்கள். அன்றைய சட்டப்படி அடிமையின் சொத்து எஜமானுக்குச் சொந்தம். புரளி நிரூபணமானால் வீடு, நிலம், கோட்டை எல்லாம் அம்பேல்! குடும்பத் தலைவர் ஜான் முந்தின வருஷம்தான் லண்டன் ஃப்ளீட் ஜெயிலில் களி தின்றிருந்தார். 1466 மே மாதம் செத்தும் போனார். சர்டிபிகேட் அவருடைய பிள்ளைகளுக்குத்தான் உதவியது.

சரி, எதிரி என்னதான் சொன்னான்?

அந்தக் காகிதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. எழுதியவர் பெயர் இல்லாத மொட்டைக் கடுதாசி மாதிரி ஒரு குறிப்பு. 'பாஸ்டன் கிராமத்தில் கிளெமென்ட் என்று ஒரு சாதாரண விவசாயி இருந்தான். குளிரோ வெயிலோ, தானே கலப்பை பிடிப்பான். சேணம் இல்லாத குதிரையில் தானிய மூட்டையைப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து மில்லுக்குப் போவான். வரும்போது மாவு மூட்டை மேல் வருவான். வின்டர்ட்டன் வரைக்கும் வண்டி ஓட்டிப் போய் தானியம் விற்பான். மிஞ்சிப் போனால் நூறு, நூற்றிருபது ஏக்கர். பெண்டாட்டி அடிமைக் குடும்பம். கடன் வாங்கித்தான் பையனைப் படிக்க வைத்தான்' என்று போகிறது சமாசாரம்.

மானத்தை வாங்க எழுதியது. இன்றைக்குப் படித்தால் அந்த மனுஷனை எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது!

அந்தப் பையன் வில்லியம் வீணாகவில்லை. மாமா வக்கீல்; அவரும் கை கொடுத்தார். 1429-ல் வில்லியம் நீதிபதி. சம்பாதித்ததையெல்லாம் நிலமாக வாங்கிப் போட்டார். அவர் மகன்தான் மேலே சொன்ன ஜான். அவரும் வக்கீல். சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் என்கிற வாரிசில்லாத பெரும் பணக்காரர் 1459-ல் செத்தபோது, 'கெய்ஸ்டர் கோட்டை எனக்குத்தான்' என்று உயிலோடு வந்து நின்றார். சும்மா விடுவார்களா? 1469-ல் நார்ஃபோக் பிரபு படையோடு வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார். அவர் செத்த பிறகு 1476-ல்தான் திரும்பக் கிடைத்தது.

கோட்டை போன அதே 1469-ல் வீட்டுக்குள்ளும் ஒரு குண்டு! ஜானின் மகள் மார்ஜரி, பண்ணைக் காரியஸ்தர் ரிச்சர்ட் கால் என்பவரோடு ரகசியமாகக் கல்யாண உறுதி செய்துகொண்டுவிட்டாள். அண்ணனுக்கு வந்ததே கோபம்! 'என் தங்கை ஃப்ராம்லிங்காமில் மெழுகுவர்த்தியும் கடுகும் விற்பதா?' என்று கடிதத்தில் குதித்தான்.

கவனியுங்கள். கொள்ளுத் தாத்தா வண்டி ஓட்டிப் போய் தானியம் விற்றவர். கொள்ளுப் பேத்தி கடுகு விற்கக் கூடாதாம்! சர்டிபிகேட் வாங்கி மூன்றே வருஷம்தான் ஆகியிருந்தது.

பிஷப் இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். மார்ஜரி அசைந்து கொடுக்கவில்லை. கல்யாணம் செல்லும் என்றாகிவிட்டது. அம்மா மார்கரெட் கதவைச் சாத்தினாள். வீட்டுப் படியேறக் கூடாது என்று உத்தரவு. ஆனால் வேடிக்கை, மாப்பிள்ளை மட்டும் பிற்பாடு காரியஸ்தர் வேலைக்குத் திரும்பிவிட்டார்!

நான் படித்தது பி.காம். அங்கே கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான பாடம்: பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்து மயங்காதே, வவுச்சரைக் கேள்! இங்கிலாந்தில் பெரிய குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்களுக்கும் இதுதான் வேதம். 1530 முதல் 1688 வரை ராஜாவின் ஆட்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய் வம்சாவளி எழுதினார்கள். பெரும்பாலும் குடும்பத்தார் சொன்னதைக் கேட்டுத்தான். அது பாலன்ஸ் ஷீட்.

வவுச்சர் வேறு இடத்தில் இருக்கிறது. 1538-லிருந்து சர்ச் பதிவேடுகள்: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் பண்ணைக் கோர்ட் சுருள்கள். யார் செத்தான், அவன் நிலத்தை யார் எடுத்தான், அதற்கு எவ்வளவு கட்டினான், எல்லாம் லத்தீனில் இருக்கும். குமாஸ்தாவுக்கு யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ அவசியமில்லை. பணம் வந்தால் எழுதினான். அதனால்தான் நம்பலாம்.

அப்புறம் உயில்கள். மார்கரெட்டின் உயில் 1482-ல் எழுதியது. கதவைச் சாத்தினாளே அதே அம்மா! அதில் மார்ஜரியின் மகன் ஜான் காலுக்கு 20 பவுண்டு எழுதி வைத்திருக்கிறாள். மன்னிப்பு என்றெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. தொகை மட்டும்தான். போதாதா?

பிற்பாடு பாஸ்டன்கள் ஏர்ல் பட்டம் வரைக்கும் போனார்கள், 1679-ல். இரண்டாவது ஏர்ல் 1732-ல் கடனோடு கண்ணை மூட, பட்டமும் முடிந்தது. கடிதங்கள் கைமாறி, 1787-ல் அச்சேறி, இப்போது பெரும்பாலும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பாஸ்டன் கிராமத்தில் அவர்கள் 1581-ல் கட்டிய பிரம்மாண்டமான தானியக் களஞ்சியம் இன்னும் நிற்கிறது. உள்ளே குடித்தனம் நடத்துவது அபூர்வ வகை வௌவால்கள்!

ராஜா கொடுத்த சர்டிபிகேட்டில் கிளெமென்டுக்கு இடமில்லை. அவரை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது எதிரியின் காகிதம்தான். இன்னும் போய்க்கொண்டிருக்கிறார் மனுஷர், சேணமில்லாத குதிரையில், மாவு மூட்டை மேல் உட்கார்ந்து!