தமிழ் நுழைந்தது, 'தமழ' வெளிவந்தது!

தம்பி,

தமிழ் என்ற சொல்லுக்குக் கணினி ஐந்து குறிகளை வைத்திருக்கிறது. த, ம, அந்த ம-வின் மீது வளையும் இகரக் குறி, ழ, அதன் தலையிலே புள்ளி. பைத்தான் எனும் நிரல்மொழியிலே, "எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் தவிர மற்றவற்றை நீக்கு" என்று வழக்கமான ஒரு வரியை எழுதி, அச்சொல்லை உள்ளே அனுப்பிப் பார்! போவது தமிழ், வருவது 'தமழ'! இகரம் எங்கே? புள்ளி எங்கே? குப்பைக் கூடையிலே!

பகையா? சூழ்ச்சியா? இரண்டுமில்லை. யூனிகோட் எனும் உலக எழுத்து அட்டவணை க, ங, ச முதலியவற்றை 'எழுத்து' என்றும், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் 'ஒட்டுக்குறி' என்றும் வகுத்தது. அதிலே தவறில்லை. கோப்புக்கும் கணக்குக்கும் பெயரிட விதி வகுப்பவர், "எழுத்து மட்டும் போதும்" என்கிறாரே, அங்கேதான் வெட்டு விழுகிறது. ஆங்கிலத்துக்கு அது கதவு. தமிழுக்கு அது கத்தரி!

கூகுள் 2009இல் வெளியிட்ட கோ மொழியிலும் இதே விதிதான். நிரலில் ஒன்றுக்கு 'அட' என்று பெயரிடலாம். 'அடி' என்று இடக்கூடாது! விதி எளிமையானது என்கிறார்கள். அதனால் சில மொழிகள் வெளியே நிற்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறார்கள். எளிமை யாருக்கு, தம்பி?

மருந்து இல்லாத நோயுமல்ல இது. பெயரைத் தொடங்கத் தக்கவை எவை, தொடரத் தக்கவை எவை என்று யூனிகோட்டே பட்டியல் தந்திருக்கிறது. ஒட்டுக்குறி தொடங்காது, தொடரும். அப்பட்டியலை ஏற்றதால், 2008இல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு, நிரலுக்குள் வைக்கும் பெயராகத் 'தமிழ்' என்பதை முழுமையாக ஏற்கிறது. வெட்டியதும் அதே பைத்தான்தான்! முன்வாசலில் மாலை, கொல்லைப்புறத்தில் கத்தரி.

எல்லாவற்றையும் திறந்துவிடு என்று நான் கூறவில்லை. 2017இல் ஆப்பிள் நிறுவனத்தின் இணையப் பெயரைப் போலவே தோன்றும் பெயரைச் சிரில்லிக் எழுத்துகளால் அமைத்துக் காட்டினார் ஓர் ஆய்வாளர். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு! நம்மிடமும் மயக்கம் உண்டு. பழைய எண் ௧, க-வின் அச்சு. ௭, எ-யின் நிழல். இணையப் பெயரின் கடைசிப் பகுதியிலே எண்களுக்கு இடமில்லை என்ற தடை நியாயமானது. அதே இடத்திலே '.இலங்கை'யும் '.சிங்கப்பூர்'உம் புள்ளி குலையாமல், கொம்பு முறியாமல் நிற்கின்றன.

எண்ணைத் தடுக்கக் காரணம் உண்டு. புள்ளியைத் தடுக்க? உன் பெயரை ஏதேனும் விண்ணப்பத் திரை 'தவறான எழுத்து' என்று திருப்பினால், கேள் தம்பி: எந்தப் பட்டியலை வைத்துச் சோதித்தீர்கள்?