தறிக்குழியும் பகற்கொசுவும்

சென்ற ஐப்பசியில் தணிக்கையின் பொருட்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். கணக்கில் குறையில்லை, சேலை வரவில்தான் குறை. வினவியபோது, பதினொரு தறிகளில் பாவு பாதியில் நிற்பதாகவும், நெய்பவர்கள் டெங்குக் காய்ச்சலில் படுத்திருப்பதாகவும் கூறினர். தறி நின்றால் கூலியும் நின்றதன்றோ!

இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரிதும் நாம் சேமித்து வைக்கும் நல்ல நீரிலேயே பிறக்கிறது. கடிப்பது பகலில். தறிக்குழியின் நிழலில் கால்களை இறக்கி அமர்ந்திருப்பவரை அது தேடி அலைய வேண்டியதில்லை.

பெருகிவரும் வெப்பமும் அதற்குத் துணை. கொசுவின் உடலில் புகுந்த கிருமி, பிறருக்குத் தொற்றும் நிலையை எய்த 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 15 நாட்களாகும். 30 டிகிரியில் ஒரு வாரமே போதும். கொசுவின் ஆயுளோ சில வாரங்களே. ஆதலின் முன்பு கிருமி முதிருமுன் மடிந்த கொசு, இன்று உயிரோடிருந்து கடிக்கிறது. 2004-க்கு முன் டெங்கு பதிவாகாத நேபாளத்தில், 2022-ல் 54,000-க்கு மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர்.

மழை பொய்த்தாலும் விடுதலையில்லை. அப்போதுதான் அண்டாவும் தொட்டியும் நிரப்பி வைக்கிறோம். காய்ந்த தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை பல மாதம் கிடந்து, நீர் பட்டதும் பொரியும். எனவே நீரைக் கொட்டினால் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

அச்சங்கக் கிடங்கில் தரம் தேறாத துணி ஓர் அடுக்கு இருந்தது. அதனைத் தொட்டிகளுக்கு வாய்கட்ட உறுப்பினர்களுக்கு வழங்கலாமென ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதி வந்துள்ளோம்.