மன்னன் மெட்டும் தணிகை மலையும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவு, படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஒரு பெருங்கூட்டம் ஏறுகிறது. 1917இல் இதைத் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஏன் தொடங்கினார்? புத்தாண்டு பிறந்ததும் வெள்ளைத் துரைமார் வாசலில் போய்க் கைகட்டி நின்றது அன்றைய கூட்டம்! அந்தக் கூட்டத்தை மலைப்பக்கம் திருப்பினார் அவர். அவர் வழி பக்தி வழி. நம் வழி வேறு. எனினும் அந்த முதுகெலும்பை மெச்சாமல் இருக்க முடியுமா, தோழர்களே!

இதே மலையில்தான், அதற்கு நூறாண்டுக்கும் முன்னரே, திருவாரூர் முத்துசாமி தீட்சிதர் தமது முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பார்கள். கிழவர் ஒருவர் வாயில் கற்கண்டு போட்டாராம், பாட்டு பிறந்ததாம்! கற்கண்டுக் கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். மாயாமாளவகௌளையில் அமைந்த அந்தக் கீர்த்தனை கதையல்ல. கமலாம்பா நவாவரணமும், நவக்கிரகக் கீர்த்தனைகளும் கதையல்ல. வீணை நரம்பின் நடையில், ஆற அமர ராகத்தை வளர்த்த பேராற்றல் அவருடையது. தமிழ் மண்ணில் பிறந்தவர் பெரும்பாலும் வடமொழியிலேயே பாடினாரே என்ற வழக்கு தனி. அதை இன்று நாம் எடுக்கவில்லை.

நாம் எடுப்பது 'நோட்டு சாகித்தியம்' எனப்படும் சுமார் 40 உருப்படிகளை. இளமையில் சென்னையை அடுத்த மணலியில் தந்தையோடு வாழ்ந்தவர் தீட்சிதர். கோட்டையிலே கம்பெனியார் பாண்டு வாசிப்பார்கள். அந்த மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களைப் பூட்டினார். இங்கிலாந்து மன்னனைக் கடவுள் காக்க என்று வெள்ளையர் பாடும் மெட்டும் அதில் ஒன்று! அதுவே 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. கமகம் இல்லை, ராகத்தின் வளைவு இல்லை. சிப்பாய் நடை, அவ்வளவுதான்!

மன்னனை இறக்கிவிட்டு அம்மனை ஏற்றினாரே, அது எதிர்ப்பல்லவா என்று சில அன்பர்கள் வாதாடுகிறார்கள். ஏறியவர் வேறுதான், ஐயா. நாற்காலி அதே நாற்காலி!

அயலார் பொருளைத் தொடவே கூடாதென்பதல்ல நம் கட்சி. தீட்சிதரின் தம்பி பாலுசாமி வெள்ளையரிடம் பிடில் கற்றார். அந்தப் பிடில் இன்று நம் கமகத்தைப் பேசுகிறது. பிடில் இல்லாத கச்சேரி அபூர்வம். தம்பி வாங்கியதைத் தனதாக்கினார். அண்ணனோ வாங்கியதை வாங்கியபடியே திருப்பி வைத்தார். பிள்ளைகளுக்குச் சுரப்பயிற்சி சொல்லித்தர அவை உதவுகின்றன என்கிறார்கள். உதவட்டும். அதற்காக 'மேனாட்டு இசையையும் வென்றார்' என்று மேடையில் முழங்க வேண்டுமா?

மேனாட்டிலேயே பாருங்கள். ஏறத்தாழ தீட்சிதரின் வயதொத்தவர் பீத்தோவன். 1813இல் வெலிங்டன் பெற்ற வெற்றியைப் பாராட்டி, துப்பாக்கி வெடியும் பீரங்கி முழக்கமுமாக ஓர் இசையை எழுதினார். அதிலும் இதே மன்னன் மெட்டு! அந்த வெலிங்டன் யார்? 1799இல் திப்புவை வீழ்த்தச் சீரங்கப்பட்டணத்துக்குப் படையோடு வந்த வெல்லெஸ்லிதான்! வியன்னா நகரம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அதே நாள், அதே அரங்கிலேதான் அவருடைய ஏழாவது சிம்பொனியும் முதன்முதல் பொதுமக்கள் முன் ஒலித்தது. சிம்பொனியை உலகம் இன்றும் போற்றுகிறது. வெடிச்சத்தத்தை மட்டமான சரக்கு என்று அந்நாட்டு விமரிசகர்களே எழுதினார்கள். எழுதியதால் பீத்தோவன் ஓர் அங்குலமும் குறையவில்லை.

நம் சபாக்களில் அப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள். கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதைப் போலல்லவா பதறுவார்கள்!