கொலஸ்டிரால் மாத்திரை: சாப்பிடுவதா, விடுவதா?



கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கொலஸ்டிரால் கூடியிருக்கிறது, இனிமேல் தினமும் இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும்" என்று சொன்னதும் நம் மக்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் ஏன், எதற்கு என்று கேட்காமலே வாங்கிப் போட்டுக்கொண்டு, 'அதான் மாத்திரை இருக்கே' என்று மூன்று வேளையும் பொரித்ததையே சாப்பிடுகிறார்கள். மற்றொரு சாரார் ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு, "இது கை கால் வலி குடுக்குது, ஈரலைக் கெடுக்குது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீசி விடுகிறார்கள். இப்போது கைபேசியிலும் இந்தப் பேச்சு சுற்றுகிறது. இந்த இரண்டாவது சாராருக்காகத்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

செம்பனைக் குலை வெட்டும் தோழர் ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. ஒரு முறை மாரடைப்பு வந்து பிழைத்தவர். தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்லி மாத்திரையை நிறுத்தினார். வீட்டிலும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலை, பெரட்டுக் களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உயிர் தப்பியது. ஆனால் இனி அரிவாள் கழியைப் பிடிக்க அவரால் முடியாது. மாத்திரையை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று யாரும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. அவர் வீசி எறிந்தது என்ன என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கொலஸ்டிரால் என்பது ஒரு வகைக் கொழுப்பு. உடம்புக்கு அது வேண்டும். அதில் பெரும் பகுதியை நம் ஈரலே உண்டாக்குகிறது. அதனால்தான் இறைச்சியே தொடாதவருக்கும் அது கூடுவதுண்டு. எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்டிரால் அதிகமாகி, ஆண்டுக்கணக்கில் ரத்தக் குழாயின் உட்சுவரில் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில், மங்கில் பால் உறைந்து கட்டிப்பால் ஆவது போல ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. மூளையில் அடைத்தால் பாரிசவாதம். அது வரைக்கும் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. "எனக்கு ஒன்னும் செய்யலையே, எதுக்கு மருந்து?" என்று கேட்பவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் என்று கிளினிக்கில் கொடுப்பதெல்லாம் ஸ்டாட்டின் என்ற ஒரே குடும்பம். ஈரல் கொலஸ்டிரால் உண்டாக்குவதை இவை குறைக்கின்றன. இந்த வகை மருந்தை முதலில் கண்டவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சணங்களைச் சோதித்து 1973-இல் அதைப் பிரித்தெடுத்தார்.

சரி, இதனால் நமக்கு என்ன லாபம்? ஆளுக்கு ஆள் வேறுபடும்.

ஏற்கனவே மாரடைப்போ இதய நோயோ வந்தவர்களுக்கு லாபம் பெரிது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயாளிகள் 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு 1994-இல் வெளியானது. பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். நூற்றுக்குக் கிட்டத்தட்ட 12 சாவு 8 ஆகக் குறைந்தது. இதைவிடத் தெளிவான கணக்கு மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. மாரடைப்பு வந்தவர் வலி என்று சொல்லித் தானாக நிறுத்துவது தன் உயிரோடு சூதாடுவதுதான்.

இதய நோய் இன்னும் வராதவர்களுக்கு லாபம் உண்டு, ஆனால் சிறிது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2013-இல் போட்ட கணக்குப்படி, அப்படிப்பட்ட ஆயிரம் பேர் ஐந்து ஆண்டு மாத்திரை சாப்பிட்டால், மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றிலிருந்து தப்பிப்பவர் 18 பேர். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு எப்படியும் அந்த ஐந்து ஆண்டில் ஒன்றும் வந்திருக்காது. நாற்பது தாண்டிய இனிப்பு நீர்க்காரருக்கும், ரத்தக் கொதிப்போடு சிகரெட்டும் பிடிப்பவருக்கும், அப்பனுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தாருக்கும் ஆபத்து அதிகம், ஆகவே லாபமும் அதிகம். வேறு எந்தக் குறையும் இல்லாமல் எண் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால், சில மாதம் சாப்பாட்டைத் திருத்திப் பார்த்துவிட்டு மறுபடி ரத்தம் சோதிக்கலாமா என்று டாக்டரைக் கேட்பதில் தவறே இல்லை. "பத்து வருஷத்தில் எனக்கு மாரடைப்பு வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு, டாக்டர்?" என்று கேளுங்கள். அதைக் கணக்கிட அவர்களிடம் அட்டவணை இருக்கிறது.

இனி ஆபத்துக்கு வருவோம். நம் ஆட்கள் பயப்படுவது சதை வலிக்கு. பயத்தில் நியாயமும் உண்டு. உடம்பை வைத்துத்தான் பிழைப்பு. கை ஓயும் நாளில் சம்பளமும் ஓயும். ஆனால் 2022-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பைப் பாருங்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் சதை வலி சொன்னவர்கள் நூற்றுக்கு 27.1. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6. அதாவது மாத்திரை மேல் பழி போட்ட வலியில் மிகப் பெரும் பகுதி வேறு காரணத்தால் வந்தது: வயது, வேலை, சில சமயம் மனப்பயம். மருந்தால் வரும் வலி பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே தெரியும். ஆயிரத்தில் சுமார் 11 பேருக்கு.

அப்படியானால் குலை தூக்கிய வலி எது, மாத்திரை வலி எது? வேலை வலி பெரும்பாலும் வேலை செய்த பக்கத்தில் இருக்கும், ஓய்வு நாளில் குறையும். மாத்திரை வலி பொதுவாக இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒன்றுபோல வரும், மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில். இது தோராயமான அடையாளம்தான். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சதையைப் பற்றி ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அவர் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது சகஜம்.

ஆனால் சதை தாங்க முடியாமல் வலித்து, பலவீனமாகி, சிறுநீர் தே ஓ நிறத்தில் போனால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சதை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. மிக அபூர்வம், ஆனால் உண்மை. செரிவாஸ்டாட்டின் என்ற மாத்திரை இதனால் பல உயிர்களைப் பறித்து, 2001-இல் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. மருந்துக் கம்பெனி சொல்வதெல்லாம் வேதம் இல்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

ஸ்டாட்டின் இனிப்பு நீரையும் சற்றுக் கூட்டும். 2010-இல் வந்த கணக்கில், 255 பேர் நான்கு ஆண்டு சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்கு அது வருகிறது. பெரும்பாலும் ஏற்கனவே வரும் விளிம்பில் நிற்பவருக்கு. ஈரல் கெடும் என்ற பயம் பெரிதுபடுத்தப்பட்டது. தொடக்கத்திலும் சில வாரம் கழித்தும் ரத்தம் பார்த்தால் போதும். பிள்ளை பெற நினைக்கும் பெண்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் கட்டாயம் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உண்மையான ஆபத்து பல சமயம் மாத்திரையில் இல்லை, அதோடு சேர்வதில் இருக்கிறது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற கிருமி மருந்துகளும், விழுங்கும் சில படை மருந்துகளும் சிம்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் அதன் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். இன்னொன்று, சீன மருந்துக் கடையில் கிடைக்கும் அங்காக், அதாவது சிவப்பு அரிசி. "இது மருந்து இல்ல, அரிசிதான்" என்று வாங்கிச் சாப்பிடுகிறோம். அதில் இயற்கையாக இருக்கும் மொனக்கோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையும் ஒரே சரக்கு. அதையும் தின்று மாத்திரையையும் போட்டால் இரட்டை அளவு சாப்பிட்ட மாதிரிதான்.

சிம்வாஸ்டாட்டினை இரவில் சாப்பிடுங்கள். அட்டோர்வாஸ்டாட்டினை எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

அடுத்த முறை கிளினிக் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்: ரத்தக் கொதிப்பு மாத்திரை, வலி மாத்திரை, ஜாமு, அந்த அங்காக் பொட்டலமும் சேர்த்துத்தான்.